முழு டிக்கெட்டும் சின்னச் சட்டையும்

மாமா,

என் மேசை மேல் ஒரு துணிச் சீட்டு கிடக்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் 13–14 என்று நெய்திருக்கிறது. ஒரு பட்டுப்பாவாடைச் சட்டையின் கழுத்திலிருந்து நானே பிளேடால் வெட்டி எடுத்தது. புதுத்துணியின் கஞ்சி வாசனை இன்னும் இதில் போகவில்லை. தீபாவளிக்கு முந்தைய நாள் சாயங்காலம் உங்கள் தோல்பையைத் திறந்ததும் வருமே, அதே வாசனை. கொஞ்சம் சில்லறைக் காசின் வாடையும் சேர்ந்திருந்தால் முழுக்கவே பொருந்தியிருக்கும்.

அதனால் உங்கள் நினைவு வந்தது. பாசத்தில் வந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். போன ஆடியில் நீங்கள் போனபோது எனக்குத் தகவல் கடைசியாகத்தான் வந்தது. உங்கள் பிள்ளைகள் ஊருக்கெல்லாம் போன் போட்டு முடித்துவிட்டு, யாரும் விட்டுப்போச்சா என்று யோசித்தபோது என் பேர் அகப்பட்டிருக்கும். மாலையோடு வந்தேன், போட்டேன். நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. அழவும் இல்லை. உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றைச் சின்ன வயதிலிருந்து வைத்திருந்தேன். பதில் சொல்ல வேண்டியவர் ஐஸ் பெட்டிக்குள் வாய் கட்டிப் படுத்திருந்தார். அந்தக் கோபத்தோடுதான் திரும்ப பஸ் ஏறினேன்.

கேள்வி இதுதான். வயதுக்கு மீறி வளர்ந்த பிள்ளைக்கு வருடா வருடம் சின்னச் சட்டையாக எடுத்து வந்தீர்களே, தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் செய்தீர்களா?

தெரியாமல் என்று சொல்ல உங்களுக்கு வழியே இல்லை. நீங்கள் பார்த்தது கண்டக்டர் வேலை. புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி வழியாக ஆவுடையார்கோவில் போகும் தனியார் பஸ்ஸில் உங்களை மாதிரிக் கண் உள்ள கண்டக்டர் கிடையாது என்பார்கள். பிள்ளை படியில் கால் வைக்கும்போதே அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று தெரிந்துவிடும் உங்களுக்கு. தாய்மார் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினாலும், "எறக்கி விடுங்கக்கா, பாதம் தரையத் தேடுது" என்பீர்கள். பஸ்ஸே சிரிக்கும். அப்படிப்பட்ட கண் தன் அக்கா மகனைப் பார்த்தபோது மட்டும் அவிந்துபோனதா?

அவியவில்லை. அதற்கும் சாட்சி இருக்கிறது. எனக்கு எட்டு வயது. அம்மாவோடு உங்கள் பஸ்ஸில் ஆவுடையார்கோவிலுக்கு வந்துகொண்டிருந்தேன். நீங்கள் என் கன்னத்தைத் தட்டிவிட்டு அரை டிக்கெட் கிழிக்கப் போனீர்கள். பின் சீட்டிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

"ஏந்தம்பி கண்டக்டரு, மருமயனா இருந்தா மீசை மொளச்சாலும் அரை டிக்கெட்டுதானா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். உங்களுக்கு வேலையில் ஒரு சொல் வந்துவிடக் கூடாது.

"எந்திரிச்சு நில்லு மாப்ள," என்றீர்கள்.

நின்றேன். படிப் பக்கத்துக் கம்பியில் அரை டிக்கெட்டுக்குப் போட்டிருந்த கோட்டோடு என்னை ஒட்டி நிறுத்தினீர்கள்.

"தலை கோட்டத் தாண்டுது. முழு டிக்கெட்."

"அவனுக்கு எட்டுதாண்டா ஆகுது!" என்று அம்மா எழுந்துவிட்டாள். "இவன் பொறந்தப்ப வந்து பாத்தவந்தானே நீ? கூடப் பொறந்தவனே கண்ணு வைக்கிறியா?"

"கண்ணுல தெரியிறதத்தானக்கா நான் கிழிக்க முடியும்."

அவ்வளவுதான் சொன்னீர்கள். அந்தப் பெரியவர் ஊர் வரும்வரை என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார். அதே வருடம் தீபாவளிக்கு நீங்கள் கொண்டுவந்த சட்டை என் தோளுக்குள் ஏறவே இல்லை. இழுத்து மாட்டிவிட்டார்கள். மாமன் கொண்டுவந்த துணியைத்தான் முதலில் போட வேண்டும், போடாவிட்டால் உறவு முறிந்தது என்று அர்த்தம். கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு காலையிலிருந்து நின்றேன். கோவிலில் அப்பா, "கையத் தலைக்கு மேல தூக்கிக் கும்பிடுடா" என்றார். தூக்கினேன். முதுகில் 'டர்ர்' என்று கேட்டது. அர்ச்சகர்கூடத் திரும்பிப் பார்த்தார். முழு டிக்கெட் கிழித்த கைதான் இந்தச் சட்டையையும் எடுத்தது என்று அன்றைக்கு மனதில் விழுந்தது. அதன்பின் அதை யாராலும் எடுக்க முடியவில்லை.

அம்மாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வளரும் பிள்ளையை அளக்கக் கூடாது என்பாள். அளந்தால் அங்கேயே நின்றுவிடுமாம். பள்ளி யூனிஃபார்ம் தைக்க டெய்லர் கடைக்குப் போனால், டேப்பை எடுத்துக்கொண்டு டெய்லர் எழுந்ததும் என்னைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். போன வருடச் சட்டையை அளவுக்கு என்று நீட்டுவாள். போன வருடமே அது இறுக்கம். டெய்லர் பாவம், கொடுத்த அளவுக்குத் தைப்பார். நான் பள்ளிக்கூடத்தில் எப்போதும் ஒரு வருடம் பழைய உடம்புக்குத் தைத்த சட்டையோடு அலைந்தேன். பின் பெஞ்சில் உட்காரவைத்தார்கள், முன்னால் இருந்தால் மறைக்கும் என்று. புதிதாக வந்த வாத்தியார் ஒருவர், "எத்தன தடவடா ஃபெயிலு?" என்று கேட்டார். நான் வகுப்பில் முதல் ரேங்க்.

ஒரே ஒரு வருடம் உங்கள் சட்டை சரியாக இருந்தது. முதுகு கிழிந்ததற்கு அடுத்த தீபாவளி. நீலக் கட்டம் போட்டது. கை நீளம், தோள், வயிறு எல்லாம் சொல்லிவைத்த மாதிரி. அம்மா கழுத்தைத் திருப்பிச் சீட்டில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "பாரு, வயசுக்கு உள்ள சட்டை எம்புள்ளைக்கு எப்புடி இருக்குன்னு. ஊர்க்காரிக வாயில மண்ணு" என்றாள். நீங்கள் வெற்றிலையை மென்றுகொண்டு சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. அந்தச் சட்டைக்கும் என்னிடம் நன்றி கிடையாது. ஏனென்றால் அது பின்கழுத்தில் நாள் முழுவதும் முள் மாதிரிக் குத்திக்கொண்டே இருந்தது. சரியான சட்டையில்கூட ஒரு முள்ளை வைத்துவிட்டார் மனுஷன் என்றுதான் நினைத்தேன்.

சில நாள் கழித்துத் துவைக்க எடுத்தபோது அம்மா அந்தச் சட்டைக் கழுத்தை வெகுநேரம் பார்த்தாள். பிளேடு கேட்டாள். எதையோ வெட்டி அடுப்பில் போட்டாள். அன்று நான் உங்கள் பேரை எடுத்ததற்கு முதுகில் ஒன்று வைத்தாள். ஏன் என்று தெரியவில்லை. அவள் அடிப்பதற்கெல்லாம் காரணம் தேடுகிற வழக்கம் எனக்கு இல்லை.

அதற்கு அடுத்த வருடம்தான் நீங்கள் தைக்காத துணியைக் கொண்டுவந்தது. மடிப்புக் கலையாத துணி, ஒரு ஆளுக்கு இரண்டு சட்டை தைக்கும் அளவுக்கு. கூடத்தில் வைத்துவிட்டு, "அளவு நீயே சொல்லிக்க, நீயே தச்சுக்கக்கா. எனக்கு இனிமே இந்த வெளையாட்டு ஆகாது" என்றீர்கள். அம்மா துணியைத் தொடவில்லை.

"உசுரோட இருக்கிற புள்ளைக்கு வெட்டாத துணியா கொண்டாருவ? எழவு வீட்டுக் கோடி மாதிரி?"

"கோடிங்கிற பேச்சு ஒன் வாயிலதான்க்கா வருது. நான் துணின்னுதான் கொண்டாந்தேன்."

"எடுத்துக்கிட்டுப் போடா. இனிமே இந்தப் படி மிதிக்காதே."

மிதிக்கவில்லை நீங்கள். ரோஷக்காரர். உங்கள் பஸ் எங்கள் ஊர் வளைவில் ஹார்ன் அடிக்கும்போது அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள். நான் வாசலில் நின்று பார்ப்பேன். பின் படியில் தொங்கிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பீர்கள். அந்தப் பழைய தோல்பை இடுப்பில் ஆடும். அதன் வார் அறுந்தால் கடைக்குக் கொடுக்க மாட்டீர்கள். பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கும் நேரத்தில் கறுப்பு நூலை இரட்டையாக இழுத்து நீங்களே தைப்பீர்கள். தையல் முடிகிற இடத்தில் மிளகு மாதிரி ஒரு முடிச்சு. ஒரு மனுஷன் தன் பைக்கு இவ்வளவு மெனக்கெடுகிறார், அக்கா பிள்ளைக்குச் சரியாக ஒரு சட்டை எடுக்கத் தெரியவில்லை என்று அப்போது நினைப்பேன்.

பிறகு உங்களைப் பக்கத்தில் பார்த்தது அம்மாவின் சாவில். பிறந்த வீட்டுக் கோடியை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தீர்கள். அதைப் போர்த்திவிட்டு என் பக்கம் வந்து நின்று மெதுவாகச் சொன்னீர்கள்: "மாப்ள, நான் எடுத்து ஒங்க வீட்டுல பத்தாமப் போகாத துணி இது ஒண்ணுதாண்டா."

சாவு வீட்டில் குத்திக்காட்டுகிற ஆள் என்று அன்றே உங்களை எழுதி மூடினேன். இப்போதும் அதில் பாதி குத்தல்தான் என்று நினைக்கிறேன். மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

செல்வியை உங்களுக்கு நினைவிருக்கும், என் தங்கச்சி. அவளை ஆவுடையார்கோவில் பக்கம்தான் கொடுத்தோம். மாப்பிள்ளை சிங்கப்பூரில். ஒரே மகள், யாழினி. ஒன்பது வயது, பார்த்தால் பதின்மூன்று. என் உடம்பு, சந்தேகமே இல்லை. அவர்கள் குலதெய்வக் கோயிலைப் பங்காளிச் சண்டையில் பூட்டிப் போட்டு வருடக்கணக்காகிவிட்டது. அங்கே வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்று மாமியார் பிடிவாதம். அதனால் பிள்ளை இத்தனை நாள் ஒட்டுத் தோடு ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். இந்த வருடம் பூட்டைத் திறந்தார்கள். மாப்பிள்ளைக்கும் லீவு கிடைத்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது. மாமன் கொண்டுபோகும் துணியைப் போட்டுக்கொண்டுதான் பிள்ளை உட்கார வேண்டும். மாமன் நான்.

விசேஷத்துக்கு முன் பள்ளி விடுமுறைக்கு யாழினி திருக்கோகர்ணத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே புத்தகப் பையைத் திறந்து ஒரு சட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். போன தீபாவளிக்கு நான் எடுத்து அனுப்பியது.

"மாமா, ஒண்ணு கேக்கணும். கோச்சுக்க மாட்டீங்கள்ல?"

"கோச்சுக்கிறதுதான் எனக்குப் பொழப்பே. கேளு."

"நான் குண்டா இருக்கேன்னு கிண்டல் பண்ணத்தான் இத இம்புட்டுச் சின்னதா எடுத்தீங்களா?"

"யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. நானாத்தான் நெனச்சேன். ஒங்களுக்குத் தெரியாம இருக்காதுல்ல? நீங்க காலேஜ்ல பாடம் எடுக்கிறவுங்க."

 செல்விதான் சொல்லி அனுப்பியிருப்பாளோ என்றுகூட ஒரு கணம் ஓடியது. என் புத்தி அப்படி. கல்லூரியில் எனக்குப் பின்னால் வந்தவனைத் துறைத் தலைவராக்கினார்களே, அன்றிலிருந்து யார் வாய் திறந்தாலும் அதற்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளையின் பின்னால் யாரும் இல்லை. அவள் தனியாகவே அதைச் சுமந்து வந்திருக்கிறாள்.

"ஒங்கம்மாதான் ஒம்பது வயசு சைஸ் போதும்னு சொன்னா."

"அம்மா அப்புடித்தான் சொல்லும். சித்தன்னவாசலுக்கு ஸ்கூல்ல டூர் போனப்ப இதத்தான் போட்டு அனுப்புச்சு. மலையில ஏறையில கம்பியப் பிடிக்கக் கையத் தூக்க முடியல மாமா. தூக்குனா கிழிஞ்சுரும். எங்க மிஸ் 'என்ன, ராணி மாதிரி கைய வச்சுக்கிட்டே வர்ற'ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

கையை விலாவோடு ஒட்டி நின்று காட்டினாள். எங்கள் வீட்டில் ஒரு பழைய போட்டோ இருக்கிறது மாமா, முதுகு கிழிவதற்கு முன் எடுத்தது. அதில் நான் நிற்பதும் அப்படியே.

"ஒனக்கு எது சரியா இருக்கும்னு தெரியுமா?"

"பக்கத்து வீட்டு அக்கா டிரஸ் கச்சிதமா இருக்கும். அந்த அக்கா எட்டாவது. அம்மாகிட்டச் சொல்லிறாதீங்க, திட்டும்."

அன்று சாயங்காலமே செல்வியிடமிருந்து போன். நான் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"அண்ணே, துணி எடுக்கப் போறீங்கள்ல? ஒம்பது வயசு சைஸே எடுங்க. கூட எடுத்துறாதீங்க."

"பத்தாதும்மா. புள்ளையப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"பாத்துட்டீங்கள்ல, அதான் பயமா இருக்கு. எல்லாரும் பாக்குறாளுக. போன வாரம் கோயில்ல ஒருத்தி கேக்குறா, 'ஏன் செல்வி, எங்களுக்குச் சொல்லாமலே சடங்கு வச்சு முடிச்சிட்டியா?'ன்னு. பச்சப்புள்ளையப் பாத்து! நீங்களும் பெரிய சைஸ் எடுத்துட்டு வந்தா, மாமனே ஒத்துக்கிட்டான்னு பேசுவாளுக. கண்ணு வைக்கிறது கூடப்பொறந்தவுங்களா இருக்க வேணாம்ணே."

கடைசி வார்த்தையில் அம்மாவின் குரல் இருந்தது. சொல்லும் அதுதான், நிறுத்தும் இடமும் அதுதான். செல்வி அந்த பஸ் சண்டையின்போது பிறந்திருக்கவே இல்லை.  அம்மா உங்களிடம் சைஸ் சொல்லி அனுப்பியதை நான் காதால் கேட்டதில்லை. ஆனால் சொல்லாமல் இருந்திருப்பாள் என்று இனி நம்ப முடியாது. எட்டு வயசு சட்டை போதும்டா, கூட எடுத்தே, நீயே கண்ணு வச்ச மாதிரி. இப்படித்தான் இருந்திருக்கும்.

இருந்தாலும் அதனால் உங்களை விட்டுவிட மாட்டேன். அம்மா சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்? பஸ்ஸில் கேட்டீர்களா? ஊர் முன்னால் முழு டிக்கெட் கிழிக்க இருந்த துணிச்சல், கடையில் இரண்டு சைஸ் கூட எடுக்க ஏன் இல்லாமல் போயிற்று?

இந்தக் கேள்வியோடுதான் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் கடை கடையாக ஏறினேன். துணியில் வயது எழுதி விற்பவர்களை நான் எப்போதும் நம்பியதில்லை. அந்த எண்ணை எழுதியவன் ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்த்திருப்பானா என்பதே சந்தேகம். ஒரு பெரிய கடையில் நான் யாழினியின் உயரத்தைக் கையால் என் நெஞ்சுக்கு நேராகக் காட்டினேன். விற்பனைப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த ஒயரத்துக்குப் பாவாடை சட்டை வராது சார். தாவணி செட்தான். மேல் மாடி, லேடீஸ் செக்‌ஷன்."

"புள்ளைக்கு ஒம்பது வயசும்மா."

"ஒம்பதா?" என்று பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரிப்பை அடக்கினார்கள். நான் வயதைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைத்தார்கள். உங்கள் பஸ்ஸில் அம்மாவைப் பார்த்தவர்களும் இப்படித்தான் பார்த்தார்கள். மாமன் தாவணி எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. காது குத்துக்கு வந்த கூட்டம் வேறு விசேஷத்தைப் பேசிவிட்டுப் போகும். பிள்ளை அதற்குப் பிறகு தெருவில் நொண்டி விளையாட முடியாது. செல்வியின் பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பயத்துக்குப் பிள்ளையின் விலா எலும்பு ஏன் கப்பம் கட்ட வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

கடைசியில் ஒரு சின்னக் கடையில் கிடைத்தது. மஞ்சளில் பச்சைக் கரை, சின்னச் சின்ன மயில். பார்த்தால் குழந்தைத் துணி. அளவு மட்டும் பெரிது. கழுத்தில் 13–14. அந்தச் சீட்டைச் செல்வி பார்க்காமல் விட மாட்டாள். துணியைக் கையில் வாங்கியதும் கழுத்தைத்தான் திருப்புவாள், அம்மாவின் மகள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். யாழினி கொண்டுவந்த பழைய சட்டையின் கழுத்தில் 9–10 என்ற சீட்டு இருந்தது. அதை வெட்டினேன். புதுச் சட்டையின் சீட்டையும் வெட்டினேன். பழையதைப் புதிதில் வைத்துத் தைத்தேன். என் மனைவியிடம் கொடுத்திருந்தால் தையல் தெரியாமல் செய்து கொடுத்திருப்பாள். கொடுத்த கையோடு செல்விக்குப் போனும் போயிருக்கும். அதனால் நானே தைத்தேன். ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. முடிச்சு பெரிதாக விழுந்துவிட்டது. மெனக்கெட்டு அவிழ்க்கவில்லை.

நேற்று விசேஷம். நான் எதிர்பார்த்தபடியே செல்வி தாம்பாளத்தில் இருந்த துணியை எடுத்ததும் கழுத்தைத் திருப்பினாள். முகம் தெளிந்தது.

"இதத்தாண்ணே சொன்னேன்," என்றாள். யாழினிக்கு உடுத்திவிட்டுக் கூட்டத்தில் கூட்டிவந்து நிறுத்தினாள். "பாருங்க, ஒம்பது வயசு சைஸ், அளவெடுத்துத் தச்சாப்ல. பெருசா வளந்துட்டா, பெருசா வளந்துட்டான்னு பேசுனவளுக எல்லாம் வந்து கழுத்துல பாத்துக்கங்க."

நிஜமாகவே ஒருத்தி வந்து பார்த்தாள் மாமா. நான் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

மொட்டைக்குப் பதிலாக முடி நுனியில் கொஞ்சம் வெட்டிப் பூமுடி இறக்கி முடிந்ததும் யாழினியை என் மடியில் உட்கார வைத்தார்கள். "மடி தாங்குமாண்ணே, இல்ல ரெண்டு பேராப் பிடிக்கவா?" என்று மாப்பிள்ளையின் பங்காளி ஒருவன் கேட்டான். அவனையும் மனதில் குறித்துக்கொண்டேன். ஆசாரி கிட்டே வந்ததும் பிள்ளை என் கட்டைவிரலை இறுகப் பிடித்தாள். அழவில்லை. ஒரு காது முடிந்து அடுத்த காதுக்குத் திரும்பும்போது என் காதருகே சொன்னாள்.

"மாமா, டிரஸ் சூப்பரா இருக்கு. பின்னாடி கழுத்துல மட்டும் என்னமோ குத்துது."

என் கை அவள் பின்கழுத்துக்குப் போனது. அங்கே என் முடிச்சு. விரல் அதில் பட்டதும் எனக்கு என் கழுத்தில் குத்தியது. நீலக் கட்டம் போட்ட சட்டை குத்திய அதே இடம். அந்த முள்ளை அன்றைக்கு நான் விரலால் தடவித் தடவிப் பார்த்திருக்கிறேன். உருண்டையாக, கெட்டியாக, மிளகு மாதிரி. கழற்றும்போது பார்த்தேன், கறுப்பு முடிச்சு. வெள்ளைச் சீட்டில், நீலச் சட்டையில், கறுப்பு நூல். எந்தக் கம்பெனி அப்படித் தைத்து விற்கும்?

அம்மா வெட்டி அடுப்பில் போட்டது எது என்று நேற்று, மேளச் சத்தத்துக்கு நடுவில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் யோசித்தேன். ஏன் முதுகில் அடி விழுந்தது, அடுத்த வருடம் ஏன் தைக்காத துணி வந்தது, "இந்த வெளையாட்டு ஆகாது" என்றீர்களே, எந்த விளையாட்டு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கும் நேரத்தில், தோல்பையை ஓரமாக வைத்துவிட்டு, மடியில் ஒரு சின்னப் பையனின் சட்டையை விரித்துக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிற ஆளை நினைத்துப் பார்த்தேன். எனக்குக் காட்சி முழுதாக வரவில்லை. உங்கள் முகம் மட்டும் வந்தது, வெற்றிலை மென்றுகொண்டு சிரித்த முகம்.

நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கறுப்பு நூல் எல்லாக் கடையிலும் இருக்கிறது. எல்லோர் கையிலும் முடிச்சு விழும். அந்தச் சட்டை இல்லை, வெட்டியவள் இல்லை, தைத்ததாகச் சந்தேகிக்கப்படுபவரும் இல்லை. சாட்சி இல்லாத வழக்கு. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம் நீங்கள். அம்மா சாவில் என் பக்கத்தில் நின்றபோதாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகக் குத்தலாக ஏதோ சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்தக் கோபம் தீரவில்லை. தீராது.

காது குத்தி முடிந்ததும் யாழினி மடியிலிருந்து இறங்கினாள். காது இரண்டும் சிவந்திருந்தது. சாமி முன்னால் ஒரு பெரிய வெண்கல மணி தொங்குகிறது, ஆள் உயரத்துக்கும் மேலே. ஓடிப்போய் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி எட்டி அடித்தாள். ஒரு முறை அடித்துவிட்டு, எங்கேயும் எதுவும் கிழியவில்லை என்று தெரிந்துகொண்டு, மறுபடி அடித்தாள். செல்வி "போதும்டி, காது ரணமாயிரும்" என்று கத்தினாள். அவள் நிறுத்தவில்லை.

இந்த 13–14 சீட்டைக் குப்பையில் போட மனம் வரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளப் போகிறேன். இன்று காலை கல்லூரிக்குக் கிளம்பும்போது சட்டையை மாட்டிவிட்டு என்னை அறியாமல் பின்கழுத்தைத் தடவிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் குத்துகிறது மாமா.